ராஜாவுக்கு உயிரோடு கருமாதி

கடைசியில் சிரிக்க வைக்கிறேன். அதுவரை பல்லைக் காட்டாதீர்கள்.

நார்வேயில் ஹால்வார் என்றொரு ராஜா. அரண்மனையில் மது காய்ச்சும் கூட்னி என்பவளைக் கூப்பிட்டார்.

"என் கருமாதி விருந்தை நாளைக்கே நடத்து. ஜனங்க என்னைப் புகழறதை நானே கேட்கணும். சத்தத்துல கூரை பிய்யலேன்னா உன் தலை போச்சு!"

அவரைப் புகழ அந்த நாட்டில் ஒரு நாய்கூட இல்லை.

"சரிங்க மகாராஜா. எல்லாம் வழக்கப்படியே செஞ்சிடலாமா?"

"ஒண்ணுகூட விடாதே!"

மறுநாள் ராஜா கண்ணை மூடிப் பிணமாகப் படுத்தார். அந்த நாட்டுக் கருமாதி வழக்கப்படி, அவர் மகன் முதல் மதுவை மாட்டுக் கொம்பில் வாங்கிக் குடித்துவிட்டுச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"ராஜா வாழ்க!" ஜனங்கள் போட்ட சத்தத்தில் கூரை பிய்ந்தது.

பிணம் பூரித்துப்போய் ஒரு கண்ணைத் திறந்தது.

"டேய், அது என் இடம்டா!"

"பிணம் பேசக் கூடாதுங்க," என்றாள் கூட்னி. "அதுவும் வழக்கம்தான்."