வாய் மூடாத கத்தரி

தகர வேலை செய்யும் ஜைத்தூனின் கொட்டகை ஜமீன் மாளிகை மதிலை ஒட்டி இருந்தது. அந்த இடத்தில் மோட்டார் காரை நிறுத்த ஜமீன்தாருக்கு ஆசை. ஊரைக் கூட்டிவைத்து அவளிடம் சொன்னார்: "நான் மத்தியானம் தூங்கும்போது, பக்கத்துல உட்கார்ந்து தகடு வெட்டு. கத்தரி வாய் மூடுற சத்தம் ஒரு தடவை கேட்டாலும் கொட்டகையைக் காலி பண்ணிடணும்."

"சரிங்க எசமான்" என்றாள் ஜைத்தூன். ஊர் உச்சுக் கொட்டியது.

மத்தியானம் ஊரார் பார்த்திருக்க, கத்தரியின் ஆணிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு மாளிகைக் கூடத்தில் ஜமீன்தாரின் கட்டிலருகே உட்கார்ந்தாள். அலகு முழுசாக மூடுவதற்குள் நிறுத்துவாள். தகட்டை உள்ளே தள்ளி மறுபடி வெட்டுவாள். தகரம் வெட்டுகிறவர்கள் என்றைக்கும் அப்படித்தான் வெட்டுவார்கள். ஜமீன்தார் அதை எங்கே கண்டார்?

வேலை முடிகிற நேரத்தில் கதவுக்குப் பின்னால் 'டக்' என்றது. குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஜமீன்தார் துள்ளி எழுந்தார். "எல்லாரும் கேட்டீங்கல்ல?"

"எனக்கும் கேட்டுச்சுங்க" என்றாள் ஜைத்தூன். "கத்தரி வாய் மூடுற இடத்துல தகடு பிசிறடிச்சு நிக்கும். தடவிப் பாருங்க. பிசிறு இருந்தா இப்பவே கிளம்புறேன்."

நாட்டாமை விளிம்பு நெடுக விரலை ஓட்டினார். வாழையிலை மாதிரி வழவழவென்று இருந்தது.

"அப்ப பிசிறடிச்ச தகடு வேற எங்கேயோ இருக்கணும்" என்று எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். ஒரு கையில் கத்தரியும் மறுகையில் பிசிறடித்த தகரத் துண்டுமாக, வேர்த்து விறுவிறுத்து நின்றார் ஜமீன் காரியக்காரர்.

ஊர் சிரித்து ஓய்வதற்குள் ஜைத்தூன் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ஒரு தகடு பாக்கி இருக்குங்க. எசமான் தூங்குங்க."