ஓடாத மின்னோட்டம்

ஒரு ஊர்ல ஒரு முத்தழகி இருந்தா. அவங்க வீட்டுல காலேஜுக்குப் போன மொத ஆளு அவதான். பள்ளிக்கூடமெல்லாம் தமிழ்லயே படிச்சவ. அப்போ பிராக்டிகல் பரீட்சை வந்துச்சு. இதுல போச்சுன்னா அந்த வருஷமே போச்சு. கேக்குறியாடா?

"ம்."

மேசை மேல ஒரு பேட்டரி, ஒரு செப்புக் கம்பி, ஒரு குட்டி பல்பு. டிக்னு ஸ்விட்சைப் போட்டா பல்பு பளிச்னு எரியுது. வெளியூர்லேர்ந்து வந்த சார் சொன்னாரு, "இந்தக் கம்பிக்குள்ள எலக்ட்ரான் என்ன வேகத்துல போகுதுன்னு கணக்குப் போடும்மா."

வழி அவளுக்குத் தெரியும். கம்பிக்குள்ள எலக்ட்ரான் எவ்வளவு நெருக்கமா இருக்கு, கம்பியோட வெட்டுமுகம் எவ்வளவு பரப்பு, ஒரு எலக்ட்ரான் எவ்வளவு மின்சாரம் சுமக்குது, மூணையும் பெருக்கி அதால கரண்டை வகுக்கணும்.

டொக் டொக்னு கால்குலேட்டரைத் தட்டினா. ஒரு மீட்டர் தாண்ட நானூறு வருஷத்துக்கு மேலன்னு வந்துச்சு. ஐயோ, கம்பியோட பரப்பைச் சதுர மீட்டருக்கு மாத்தாம சதுர மில்லிமீட்டர்லயே விட்டுட்டா. அப்புறம் ஆயிரத்தால வகுத்தா. அஞ்சு மாசம். அடடா, நீளத்துக்கு ஒரு ஆயிரம்னா அகலத்துக்கும் ஒரு ஆயிரம் உண்டுல்ல. மறுபடியும் டொக் டொக். நாலு மணி நேரம்.

பக்கத்து மேசையில அதே கணக்கைப் போட்டுட்டிருந்த ஸ்டெல்லா எட்டிப் பாத்தா. "நத்தை கூட முந்திடும்டி. பேரே மின்னோட்டம், ஓடாம என்ன பண்ணும்? அழிச்சிட்டு வெளிச்சத்தோட வேகத்தை எழுது."

"அத்தை, அப்போ நத்தைதான் ஜெயிக்குமா?"

ஜெயிக்கும்டா. முத்தழகிக்கே சந்தேகம் வந்துருச்சு. ரப்பரைக் கூட எடுத்துட்டா. ஆனா கணக்குல தப்பே இல்லையே, எதை அழிக்குறது? பேப்பரை அப்படியே சார்கிட்ட நீட்டிட்டா.

சார் கேட்டாரு, "இவ்வளவு மெதுவா போனா பல்பு எப்படிம்மா உடனே எரியுது?"

முத்தழகி சொன்னா, "சார், டவுன் பஸ் நெரிசல்ல பின்படியில ஒருத்தர் முட்டி ஏறினா, முன்னாடி நிக்குறவர் டிரைவர் மேல சாய்வாரு. யாரும் ஓடல சார். நெரிசல்தான் அந்தத் தள்ளலைக் கடத்துது. அதே மாதிரி கம்பி முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான் அடைச்சுக்கிட்டு நிக்குது."

"'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்துற கண்டக்டர் யாரு?"

"பேட்டரி, சார்."

சார் சிரிச்சுக்கிட்டே முழு மார்க்கும் போட்டாரு. அப்புறம் ஸ்டெல்லா பக்கம் திரும்பினாரு. ஸ்டெல்லா தான் எழுதின வெளிச்சத்தோட வேகத்தைச் சரசரன்னு அழிச்சிட்டிருந்தா. என்ன, "ம்" வரலையே?

சரி, கதை ஊர்ந்து ஊர்ந்து வீடு சேந்துருச்சு. நீயும் தூங்குடா தங்கம்.