இருபத்தைந்தாவது கையெழுத்து

கரிசல் மண்ணில் வீடு கட்டுகிறவர்கள் கடைசியாகப் போய் நிற்கிற இடம் ஒன்று கோவில்பட்டியில் உண்டு. ஆவுடைத்தங்கத்தின் மண் பரிசோதனைக் கூடம். சுவரில் விரிசல் விழுந்த பிறகுதான் போவார்கள். விழுவதற்கு முன்னால் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆவுடைத்தங்கத்துக்கு நாற்பத்தோரு வயது. அவரிடம் பாடம் கேட்கிற சீடருக்கு ஐம்பத்தாறு. சீடரின் பெயர் குருசாமி. பெயர் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

டிப்ளமோ முடித்து ஓவர்சியராக வேலைக்கு வந்தவர். வேலை பார்த்துக்கொண்டே படித்து நாற்பத்தைந்து வயதில் இன்ஜினீயர் ஆனார். கட்டடம் தெரிந்த அளவுக்கு மண் தெரியவில்லை என்று ஒரு நாள் புத்திக்கு உறைத்தது. கூச்சப்படாமல் ஆவுடைத்தங்கத்திடம் வந்து சேர்ந்தார். ஆறு வருஷமாக ஒரு வியாழக்கிழமை தவறியதில்லை.

அந்த வியாழக்கிழமை அவர் மண்ணைப் பற்றிக் கேட்க வரவில்லை. கையில் பச்சை ஃபைல் ஒன்று இருந்தது.

"மேடம், ஒரு சங்கத்துக்குக் கிளை தொடங்கணும்னா என்ன வேணும்?"

"விதி என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"இருபத்தஞ்சு இன்ஜினீயர் கையெழுத்து வேணும். முதல் கூட்டம் நடந்ததுக்கு நடவடிக்கைக் குறிப்பு வேணும். ரெண்டையும் முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள மெட்ராஸுக்கு அனுப்பணும்."

"விதிதான் சொல்லிருச்சே. என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

"இருபத்தினாலு பேர் போட்டாச்சு. இருபத்தஞ்சாவது நீங்கதான்."

"கூட்டம் நடந்துச்சா?"

"போன ஞாயித்துக்கிழமை ஜோரா நடந்துச்சு. நீங்கதான் வரல."

ஜோராகத்தான் நடந்தது. ஹோட்டல் மாடியில் ஏ.சி. ஹால். குத்துவிளக்கில் ஐந்து திரி, ஏற்றுவதற்கு ஒன்பது பேர். யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்று அரை மணி நேரம் பேசியும் முடியாமல், இன்னொரு விளக்கை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். இருபத்து நாலு பேர் கூடிய கூட்டத்தில் முப்பத்தொரு பொன்னாடை.

தலைவராகக் குருசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்மொழிந்தவர் ஞானதுரை. ஊரிலேயே பெரிய கட்டடங்கள் எல்லாம் அவர் கையால் எழும்பியவை. குருசாமியை முப்பது வருஷமாக "ஓவர்சியர்" என்று கூப்பிட்ட வாய் அது. அதே வாய் மைக்கில் "தலைவர் அவர்களே" என்றபோது குருசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று இரவு மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்ததும் அந்த அம்மாள் விளக்கை அணைத்துவிட்டாள்.

ஆவுடைத்தங்கம் நடவடிக்கைக் குறிப்பை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"பொன்னாடை போக, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"நன்றி சொன்னாங்க மேடம்."

"சரி. வரும்போது வழியில என்ன பாத்தீங்க?"

இது அவர் வாராவாரம் கேட்கிற கேள்வி. சீடர் வழியில் பார்த்த பள்ளம், கிணறு, ஈரம் ஓடிய சுவர் எதையாவது சொல்லுவார். பாடம் அங்கிருந்து தொடங்கும். அன்று குருசாமி ஃபைலின் நாடாவை முடிந்தார். அவிழ்த்தார்.

"ஞானதுரை சைட்டுப் பக்கமா வந்தேன். பள்ளிக்கூடம் கட்டுறார்ல்லா. கீழ்ப் பீமுக்குக் கம்பி கட்டி முடிச்சிட்டாங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கான்கிரீட்."

"நல்லது."

"பீமுக்கு அடியில இடைவெளி இல்ல மேடம்."

கரிசல் மண்ணின் குணம் ஊர் அறிந்தது. வெயிலில் வாய் பிளக்கும், மழையில் உப்பும். அதனால்தான் ஆழத்தில் பைல் என்கிற கான்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றின் மேல் பீமைத் தூக்கி வைப்பது. பீம் தரையைத் தொடக் கூடாது. மூன்று அங்குலம் இடம் விட்டால் மண் தன் பாட்டுக்கு உப்பிக்கொள்ளும். வரைபடத்தில் எல்லாரும் விடுகிறார்கள். சைட்டில் மேஸ்திரிக்கு அடிப்பலகை கட்டுவது சள்ளை. தரையிலேயே காரையைப் பரப்பி அதன் மேல் கம்பியை வைத்துவிடுவார். கோடையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐப்பசியில் மண் உப்பிப் பீமைத் தூக்கும்போது சுவர் மூலைக்கு மூலை கிழியும்.

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"எப்படி மேடம் சொல்றது? அவர் முன்மொழிஞ்ச வாய் ஈரம் காயல. நான் போய் அவர் பீம்ல குத்தம் சொன்னா, தலைவரானதும் தலைக்கனம்னு சொல்வார். அவர் கையெழுத்தை வாபஸ் வாங்குவார். அவர்கிட்ட வேலை பாக்கிற நாலு பேரும் வாங்குவாங்க. அஞ்சு போனா மிச்சம் பத்தொன்பது. கிளை கிடையாது."

"ம்."

"கிளை வந்துருச்சுன்னா, அதுக்கப்புறம் இதையெல்லாம் ஒரு செமினார் வச்சுப் பொதுவாச் சொல்லிரலாம். யார் மனசும் நோகாது."

"நாளைக்குக் காலையில கான்கிரீட்டுன்னு சொன்னீங்க."

குருசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவுடைத்தங்கம் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து வந்தார். மண் மாதிரியோடு சேர்த்து வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கடிதங்கள். ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து, பெயரும் இடமும் தெரியாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கடைசி வரி மட்டும் வெளியே தெரிந்தது.

"படிங்க அண்ணாச்சி."

"இந்த விபரம் வெளியே போக வேண்டாம்."

அடுத்தது.

"தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்."

அடுத்தது.

"இது நமக்குள் இருக்கட்டும்."

பதினொரு கடிதம். பதினொரு கையெழுத்து. எழுதப்பட்ட சங்கதி ஒன்றுதான். ஏழாவது கடிதத்தைக் குருசாமி படிக்கவில்லை. அது அவரே எழுதியது.

"எல்லாமே பீம் சமாச்சாரமா மேடம்?"

"எல்லாமே. ஆறு வருஷத்துல பதினொண்ணு. ஒருத்தர் சுவர் கிழிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. தெரியாததுனால அவரும் அதையே செஞ்சாரு."

கடிதங்களை அடுக்கிக் கட்டினார்.

"கிளை தொடங்கணும்னு வந்தீங்க. இந்த ஊருல ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கு அண்ணாச்சி. பதினொரு உறுப்பினர். நான்தான் செயலாளர்."

பச்சை ஃபைலை மூடிச் சீடரிடமே திருப்பிக் கொடுத்தார். உள்ளே இருபத்தைந்தாவது இடம் காலியாகவே இருந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். குருசாமி கல்யாண மண்டபத்தையே கட்டிப் பார்த்தவர். திறப்பு விழா முடிந்த அந்த ஐப்பசியிலேயே மேடைக்குப் பின்னால் ஜன்னல் மூலையிலிருந்து விட்டம் வரைக்கும் சுவர் கிழிந்தது. அதன் மேல் பிளாஸ்டரில் பெரிய மயில் ஒன்றைத் தோகை விரித்த கோலத்தில் செய்து ஒட்டினார். பிறகு மண்டபம் காலியாகக் கிடந்த மார்கழி மாதத்தில், ஆளுக்கு ஆள் சத்தியம் வாங்கிக்கொண்டு, பீமுக்கு அடியில் இருந்த காரையை உடைத்து எடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னது? மயிலுக்குப் பின்னால் நன்றாக மறைக்கலாம். அந்த மயிலோடு நின்று போட்டோ எடுக்காத மாப்பிள்ளை பெண் இந்த வட்டாரத்தில் குறைவு.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் ஞானதுரையின் சைட்டில் நின்றார். மிக்ஸர் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. ஆட்கள் சட்டியோடு வரிசையாக நின்றார்கள். ஞானதுரையும் அவருடைய ஜூனியர்கள் நாலு பேரும் பீமின் ஓரத்தில் இருந்தார்கள்.

"வாரும் தலைவரே! வாரும்! கையெழுத்து முடிஞ்சுதா?"

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு வே?"

"பீமுக்கு அடியில இடைவெளி இல்ல."

ஜூனியர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஞானதுரை முகம் கறுத்தது.

"முப்பத்தஞ்சு வருஷமா இப்படித்தான் போடுதேன். எனக்குப் பாடம் நடத்த வந்தீராக்கும்? ஒரு நாற்காலியைக் குடுத்தா ஓவர்சியர் புத்தி போயிருமா?"

அந்தச் சொல் குருசாமியை நன்றாகவே குத்தியது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் நகர்ந்தது. போயிருந்தால் பச்சை ஃபைலுக்குச் சேதமில்லை.

"என் கல்யாண மண்டபத்துல ஒரு மயில் இருக்கில்லா?"

"அதுக்கென்ன இப்போ?"

"அதுக்குப் பின்னால விரிசல் இருக்கு. ஜன்னல்ல இருந்து விட்டம் வரைக்கும் கை விரல் போகும். நானும் இப்படித்தான் காரை மேல பீம் போட்டேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு மயிலை ஒட்டுனேன். ஆறு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க இதைச் செஞ்சிருக்க மாட்டீங்க. தப்பு என்னோடதுதான்."



"எம் மக ரிசப்ஷன் அந்த மயில் முன்னாடிதான் நடந்துச்சு," என்றார் ஞானதுரை.

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு நான் சாப்பிடாம வந்துட்டேன்."

ஞானதுரை குனிந்து கம்பிக்கு அடியில் பார்த்தார். பிறகு மிக்ஸர்காரரைப் பார்த்துக் கையை வீசினார். மெஷின் நின்றது. போட்ட கலவையைக் காம்பவுண்டு அஸ்திவாரத்தில் கொட்டச் சொன்னார்.

"உம்ம சங்கத்துல இருந்து எம் பேரை எடுத்திரும்," என்றார். "இத்தனை பேர் முன்னால வந்து சொன்னீரு பாரும். இவனுக நாலு பேர் பேரையும் எடுத்திரும்."

"எடுத்திருதேன்."

"எடுத்துக்கிட்டு அந்தாக்குல போயிராதீரும். அடிக்காரையை எப்படி உடைச்சீரு, அதைச் சொல்லிட்டுப் போம்."

சாயங்காலம் குருசாமி ஆவுடைத்தங்கத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார். வேட்டியின் கரை முழுக்கக் கரிசல் ஒட்டியிருந்தது. பச்சை ஃபைலை மேஜையில் போட்டார்.

"பத்தொன்பது மேடம். அஞ்சு பேரை நானே அடிச்சிட்டேன்."

"கான்கிரீட்?"

"போடல. கம்பியைத் தூக்கி, காரையை உடைச்சு, மண்ணை நாலு அங்குலம் இறக்கியாச்சு. அடிப்பலகை கட்டித்தான் இனி வார்ப்பாங்க. வார்த்தப்புறம் பலகையை உருவிருவாங்க."

"எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

"பன்னெண்டரை ஆயிருச்சு. விட்டாத்தானே? ஒருத்தன் மாத்தி ஒருத்தன் கேக்கான். அவர் ஜூனியர் இசக்கிராஜான்னு ஒரு பையன். தனியா ஒரு பெட்ரோல் பங்கு ஆபீஸ் கட்டிக் குடுத்திருக்கான். இப்போ அங்க கதவு மூட மாட்டேங்குதாம். இவ்வளவு நாள் தச்சாசாரியை விட்டுக் கதவைச் சீவிக்கிட்டே இருந்திருக்கான். எல்லாரும் செவ்வாய்க்கிழமை வந்து பாக்கணும்னு ஒரே பிடிவாதம்."

"எல்லாரும்னா?"

"நாங்க ஆறு பேரும். பக்கத்து டீக்கடையில நாங்க பேசுனதைக் கேட்டுக்கிட்டிருந்த பஞ்சாயத்து இன்ஜினீயர் ரெண்டு பேரும் வாராங்களாம், அவங்க சத்துணவுக் கூடத்துல ஏதோ தகராறு. ஞானதுரையும் வாரேன்னுட்டார். மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் சொன்னார். ஆனா அவர் கார்லயே எல்லாரையும் ஏத்திக்கிட்டு வாராராம். எனக்கு இருக்கிற வேலைக்கு நடுவுல இது வேற."

ஆவுடைத்தங்கம் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். குருசாமி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"முப்பது வருஷ ஆசை மேடம். தலைவர்னு ஒருத்தர் வாயால கேட்டு முழுசா ஒரு வாரம் ஆகல. முப்பத்தொண்ணாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருக்கு. ஆறு பேரை எங்க போய்ப் பிடிப்பேன்? இனி கிளையை எப்படித் தொடங்குறது?"

ஆவுடைத்தங்கம் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமைக் கூட்டம் எத்தனை மணிக்கு அண்ணாச்சி? நானும் வாரேன்."