அடுத்த வரி

"இந்த வேதத்தால இந்தக் காலத்துக்கு என்ன பிரயோஜனம் அண்ணா? ஒரே ஒரு பாயிண்ட் கொடுங்கோ, போதும்."

கேட்டவர் ஜகதீசன். காப்பீட்டுக் கம்பெனியில் ஓய்வு பெற்று, வேத பாடசாலையில் பாடம் கேட்கிறவர். அவர் அண்ணா என்று அழைத்த வாஞ்சிநாத கனபாடிகளுக்கு வயது முப்பத்துமூன்று. அந்தப் பாடசாலையில் வாத்தியாரை யாராயிருந்தாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியார் பதிலுக்கு இவரை மாமா என்பார். வெளியாள் கேட்டால் உறவு புரியாமல் திண்டாடிப் போவான்.

"எதுக்கு மாமா பாயிண்ட்?"

"ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மெண்ட்ல பேசறேன். 'இன்றைய வாழ்வுக்கு வேதம்'னு தலைப்பு. விமானம், அணு எல்லாம் வாட்ஸப்புல வந்தது, எடுத்து வெச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் கனமா வேணும்."

கனபாடிகள் விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

"ஆத்துல மாமி சௌக்யமா?"

ஜகதீசனின் முகம் தொங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமை ரயில்ல புனேக்குப் போறா. பையன்கிட்ட. திரும்பி வர டிக்கெட் எடுக்கலை. எப்ப வருவேன்னு கேட்டா, பாத்துக்கலாம்கறா."

"ஏன் போறாளாம்?"

"ஏதோ புலம்பினா."

"என்ன சொன்னா?"

"அதான், வீடு, அது இதுன்னு…"

கனபாடிகள் விசிறியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குப் பாடத்துல, 'ஏதோ அக்னி வந்தான், அது இதுன்னு வாங்கிண்டு போனான்'னு சொல்லுங்கோ. ஒத்துப்பேனா?"

"கொன்னுடுவேள்."

கொன்றுதான் போட்டிருப்பார். அங்கே பாடம் என்றால் வாத்தியார் ஒரு தடவை சொல்வார், சிஷ்யன் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குச் சந்தை என்று பெயர். எழுத்து பிசகக் கூடாது. குரல் ஏறுகிற இடத்தில் ஏற வேண்டும், இறங்குகிற இடத்தில் இறங்க வேண்டும். பிசகினால் அடுத்த வரி கிடையாது. ஒரு எழுத்தை நீட்டிய குற்றத்துக்காகப் போன மாசம் முழுக்க ஜகதீசன் ஒரே வரியில் கிடந்தார்.

"மாமியண்ட போய் சந்தை சொல்லிண்டு வாங்கோ. அப்புறம் பாயிண்ட் தரேன்."

"அவளண்டயா? அவளுக்கு வேதம் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமோல்லியோ."

"சரி, அவ சொன்னதைச் சொல்லிட்டு, நான் பதில் எப்ப சொல்றது?"

"சந்தையில பதில் உண்டா மாமா?"

ஜகதீசன் வீட்டுக்குப் போனார். ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய புத்தகங்கள். சோபா முழுக்க அவருடைய பேச்சுக்கான காகிதங்கள். மனைவி வசுமதி நின்றபடியே புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு என்னமோ சொன்னியே. இன்னொரு தடவை சொல்லு."

"எதுக்கு? பதில் சொல்றதுக்கா?"

"பதில் கிடையாது. வாத்தியார் உத்தரவு."

வசுமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, சொன்னாள்.

"நீங்க ரிட்டயர் ஆனதுலேர்ந்து இந்த ஆத்துல எனக்கு உட்கார ஒரு இடம் இல்லை."

ஜகதீசனுக்குப் பிரமாதமான பதில் ஒன்று வாயில் வந்தது. மூணு பெட்ரூம் வீடு, யார் லோன் போட்டு வாங்கினது என்று தொடங்கும் பதில். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"நீங்க ரிட்டயர் ஆனதுலேர்ந்து இந்த ஆத்துல எனக்கு உட்கார ஒரு இடம் இல்லை" என்றார், பாலிசி விதிமுறையை வாசிக்கிற குரலில்.

"கேலி பண்றேளா?"

ஐயோ, ஸ்வரம் தப்பு. 'உட்கார' என்கிற இடத்தில் அவள் குரல் தேய்ந்து இறங்கியது. இவர் அங்கே ஏற்றிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொன்ன மாதிரியே மறுபடி தொடங்கினார்.

"நீங்க ரிட்டயர் ஆனதுலேர்ந்து… இந்த ஆத்துல எனக்கு உட்கார…"

கண்ணைத் திறந்து, தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார்.

எழுந்து நின்றார்.

"…ஒரு இடம் இல்லை" என்று முடித்தார். நிஜமாகவே துக்கமாக இருந்தது அவருக்கு.

வசுமதி கையிலிருந்த புடவையைப் பெட்டிமேல் போட்டாள். ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வெளியே வேப்பமரத்தைப் பார்த்தாள்.

பிறகு அடுத்த வரியைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் ஹாலில் மைக் தயார், சுண்டல் தயார், கூட்டமும் வந்தாகிவிட்டது. பேசுகிறவரை மட்டும் காணோம். சிஷ்யனின் பேச்சைக் கேட்க வந்திருந்த கனபாடிகளே போன் போட்டார்.

"எங்க இருக்கேள் மாமா? எல்லாரும் காத்துண்டிருக்கா."

"ஆத்துலதான் அண்ணா. நின்னுண்டிருக்கேன்."

"மாமி?"

"உட்கார்ந்துண்டிருக்கா. ரயில் போயிடுத்து."

"அப்ப பாயிண்ட் கிடைச்சாச்சே. வந்து பேசுங்கோ."

"எப்படி அண்ணா வரது? கல்யாணப் பந்தியிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கா. இப்பத்தான் தலைதீபாவளிக்கே வந்திருக்கோம்."