பனியில் ஒரு சிவப்பு

துணி வியாபாரி தோகுபே அன்று மாலை ஊரிலுள்ள படச் சேகரிப்பாளர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். குரு மியோரென்னை மட்டும் முன்னதாகவே வரச் சொன்னார். அந்தப் பெண் துறவி அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் தோகுபேக்கு அவர்தான் குரு.

காட்டப்போவது ஒரே ஒரு படம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பனிப் பள்ளத்தாக்கு. மியோரென்னின் மடத்துச் சுவரில் தொங்கிய காலத்தில் எத்தனையோ பேர் அதை விலைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். முதன்முதலில் எடுத்த அச்சாம்; வானத்து நீலத்தில் கட்டையின் ரேகைகூடத் தெரிகிறதாம். மூக்கு ஒட்டப் பார்ப்பார்கள். படம் பிடித்திருக்கிறதா என்றால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

பனி என்று அதில் எதுவும் வரையவில்லை. மை படாத வெறும் காகிதம்தான் பனி. இந்த ஓரம் வைக்கோல் போர்வையில் ஒரு வழிப்போக்கன். அந்த ஓரம் விளக்கெரியும் ஒரு வீடு.

தோகுபே கேட்டபோது மட்டும் மியோரென் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவர் படத்தின் முன் உட்கார்ந்தார். வெள்ளைப் பனியின் நடுவே பளிச்சென்று ஒரு சிவப்புச் சதுரம்.

"இது யார்?"

"என் முத்திரை, அம்மா."

"இந்தக் குளிரில் நிற்கிறாரே!"

"சேகரிப்பவர்கள் எல்லாரும் குத்துவதுதானே? நாளைக்கு யார் கைக்குப் போனாலும் இது என்னிடம் இருந்தது என்று தெரிய வேண்டாமா? இதில் என்ன தப்பு?"

மியோரென் முத்திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஐயா, கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறீர்களா? பாவம், அந்த ஆள் வீட்டுக்குப் போக வேண்டும்."

தோகுபே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இடம் சுத்தமாக இருக்கிறதே என்றுதான் அங்கே குத்தினார். அது பாதை என்று இப்போதுதான் கண்ணில் பட்டது.

"சுரண்டி எடுத்துவிடட்டுமா?"

"காகிதம் கிழியும்."

"அந்தப் பக்கத்தையே வெட்டிவிட்டால்?"

"வீட்டையும் சேர்த்தா?"

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எங்கேயப்பா, கேட்டு வாங்கிய பொக்கிஷம்? காட்டு, காட்டு!"

தோகுபே பாய்ந்து முத்திரையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். படம் சிறியது. அந்தக் கைக்கடியில் வீடு மறைந்தது, வழிப்போக்கனும் மறைந்தான். காலடிகள் நெருங்கின.

மியோரென் அவர் காதருகே குனிந்தார்.

"இதற்கு முத்திரையே தேவலை, தோகுபே. பனியாவது தெரிந்தது."