ஓடைப்புல் கதிரைக் கைவிட்டது

புல்லுக்கும் மழைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலைச்சரிவில் காராயி என்ற பெண்ணும் அவள் கணவன் சடையனும் சாமை விதைத்து வாழ்ந்தார்கள். நிலம் போதவில்லை என்று ஒரு கோடையில் சரிவில் நின்ற மரங்களை வெட்டிப் புதர்களைக் கொளுத்தினார்கள். மாடுகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மேலிருந்து கீழாக உழுதார்கள். அந்த வருடம் நல்ல விளைச்சல்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. உழுத சால் ஒவ்வொன்றும் வாய்க்காலாகி மேல்மண்ணைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோனது. அதற்கடுத்த வருடம் அந்த வாய்க்கால்கள் ஆள் இறங்கும் பள்ளங்களாயின. பாதி நிலத்தில் சரளைக்கல்தான் மிச்சம். சடையன் வேறு மலைக்குப் போய்விடலாம் என்றான். காராயி அசையவில்லை. இதைச் சரிசெய்யத் தெரியாமல் போனால் அந்த மலையையும் இப்படித்தான் ஆக்குவோம் என்றாள்.

அவள் மழையிடமே போய்க் கேட்டாள். மழை ஒளிக்காமல் சொன்னது.

"முன்பு இலைகள் என்னைத் தாங்கிக்கொள்ளும். கீழே சருகு கிடக்கும். மெதுவாக மண்ணுக்குள் இறங்குவேன். இப்போது வெறும் மண்ணில் அடிக்கிறேன். இந்தச் சரிவில் எனக்கு நிற்கத் தெரியாது, காராயி. யாராவது நிறுத்தினால் நிற்பேன்."

காராயி அன்றே குறுக்காக உழ ஆரம்பித்தாள். நீரின் வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பெருமழையில் சால்கள் உடைந்தன. மரக்கன்று வைத்தாள். நான் வேர் பிடிக்கப் பல வருடம் ஆகும் என்றது கன்று. அருகம்புல்லைப் பதித்தாள். மண் போனபோது அதுவும் கூடவே போனது.

கடைசியில் ஓடைக்கரையில் உயரமாக நின்ற ஒரு புல்லிடம் போனாள். அதற்கு அப்போது ஓடைப்புல் என்றுதான் பெயர். தன் வேர் ஒரு சாண்தான் இறங்கும், பலமெல்லாம் விதைக்கே போய்விடுகிறது என்று அது தயங்கியது. ஒரு மழைக்காலம் மட்டும் நின்று பார் என்று காராயி கேட்டாள். புல் சம்மதித்தது. காராயியும் சடையனும் சரிவின் குறுக்கே அதை நெருக்கமாக வரிசை வைத்து நட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மேட்டில் பள்ளத்தின் கரை உடைந்து வெள்ளம் பாய்ந்தது. செம்மண் குழம்பு வரிசையின் நடுவில் மோத, தூர்கள் ஆடின. காராயி அங்கேயே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தூர்களை அணைத்துக்கொண்டாள். சேறு இடுப்புக்கு ஏறியது. விட்டுவிட்டு வா என்று சடையன் கத்தியது அவளுக்குக் கேட்டது. அவள் எழவில்லை.

ஓடைப்புல்லின் கதிர்கள் பால்பிடித்திருந்த சமயம் அது. புல் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு கதிர்களில் இருந்த பாலையெல்லாம் உள்ளே இழுத்து, வேருக்கு அனுப்பியது. வேர் பக்கவாட்டில் திரும்பாமல் நேராக இறங்கியது. சரளையைத் துளைத்து, ஓர் ஆள் ஆழம் போய், அடியில் இருந்த களிமண்ணைப் பிடித்தது. மோதிய வெள்ளம் வரிசை நெடுகப் பரவித் தயங்கியது. சுமந்து வந்த மண்ணைப் புல்லுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் தெளிந்த நீராகக் கசிந்து போனது. சடையன் ஓடிவந்து அவளைச் சேற்றிலிருந்து இழுத்தான்.

மறுநாள் கதிர்கள் எல்லாம் பதராகிக் கிடந்தன.

"இனி எனக்கு விதை இல்லை. நான் பட்டுப்போனால் என் குலம் முடிந்தது," என்றது புல்.

காராயி ஒரு தூரைத் தோண்டி மூன்றாகப் பிரித்தாள். மேலே வெறுமையாய்க் கிடந்த அடுத்த சரிவுக்கு ஏறி, மூன்றையும் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினாள். "விதை செய்கிற வேலையை இனி எங்கள் கை செய்யும்," என்றாள்.

நாம் இன்று வெட்டிவேர் என்று சொல்வது அந்தப் புல்லைத்தான். அந்தக் கார்த்திகையிலிருந்துதான் அதன் வேர் பக்கவாட்டில் போகாமல் நேராகக் கீழே இறங்குகிறது. கதிர் விட்டாலும் அதில் மணி பிடிப்பதில்லை. சரிவில் மண்ணைக் காக்க நினைக்கிறவர்கள், தூர் பிரித்துத் தங்கள் கையால்தான் அதை நடுகிறார்கள்.