தள்ளிக்கொண்டு வந்த ஸ்கூட்டர்

ஞாயிறு காலையில் அந்த மஞ்சள் குட்டி விமானம் தையல் மெஷின் மாதிரிக் கடகடத்துக் கிளம்பினால், ஊரே மொட்டைமாடி ஏறிப் பார்த்த காலம் அது. பறக்கும் கிளப்பில் எஸ்தர்தான் மெக்கானிக். செக்ரட்டரி தணிகாசலமோ, தன் மீசைக்கே தனி சல்யூட் எதிர்பார்க்கிறவர்.

ஒருநாள் மலிவான பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர்களை அள்ளிவந்து, "விமானத்துல இனிமே இதான்" என்றார்.

"இன்ஜின் சூட்டுல இளகிடும் சார். உலோகக் கூடு போட்டது வேணும்."

"விமானத்தைத் தொடாம நிரூபி பாப்போம். இல்லேன்னா வேலையை விட்டுட்டுப் போ."

எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள். "உங்க ஸ்கூட்டர்ல ஒண்ணு மாட்டித் தரேன் சார். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க."

"தாராளமா."

அடுத்த ஞாயிறு, வேர்த்து வழிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். தோற்றதை ஒத்துக்கொள்கிற ஜன்மமா அது? "ஃபில்டர் இளகி ஒழுகிடுச்சு, வண்டி பாதி வழியில நின்னுடுச்சு. அதனால என்ன? இறங்கித் தள்ளிட்டு வந்துட்டேன்ல."

எஸ்தர் ஹெல்மெட்டை நீட்டினாள். "அப்ப சரி சார், இதையே விமானத்துல மாட்டிடறேன். முதல் ரவுண்டுக்கு நீங்களே ஏறிக்கோங்க. மேலே நின்னுட்டா, இதே மாதிரி இறங்கித் தள்ளிட்டு வந்துடுங்க."

மதியத்துக்குள் உலோக ஃபில்டர் வந்துவிட்டது.

அந்த மஞ்சள் விமானம் இன்று இல்லை. ஆனாலும் யாராவது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனால், எங்கள் ஊர்க்காரர்களின் கண் தன்னால் வானத்துக்குப் போகிறது.